எஃப்-150 பின்பக்கத்துக்கு ஏர் பேக்: டிரெய்லரோடு நான்கு வருடம், 11,000 மைல்

எங்கள் வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜின். 2021-ல் முகாம் போடப் போக ஒரு டிரெய்லர் வாங்கினோம். தண்ணீர், சமையல் சாமான், சைக்கிள் எல்லாம் ஏற்றினால் 6,200 பவுண்டு. டாலஸிலிருந்து முதல் பயணம் டெக்சாஸிலேயே இருக்கும் பாலோ டூரோ கேன்யன் பார்க்குக்கு. டிரெய்லரை மாட்டியதுமே பிக்கப்பின் பின்பக்கம் இரண்டரை அங்குலம் உட்கார்ந்துவிட்டது. நெடுஞ்சாலை 287-ல் சில்ட்ரஸ் தாண்டியதும் குறுக்குக் காற்று பிடித்துக்கொண்டது; ஸ்டியரிங் கைக்குள் நிற்கவே இல்லை. இருட்டியதும் எதிரே வந்தவர்கள் கண் கூசி லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். மறுநாள் காலை பார்க்குக்குள் இறங்கும் அந்த 10 சதவீதச் சரிவை முதல் கியரிலேயே கடந்தேன். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது.

டிரெய்லர் விற்றவர், "ஏர் பேக் போட்டால் சரியாகிவிடும்" என்றார். விபத்தில் விரியும் ஏர்பேக் வேறு. இது அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் உட்காரும் ரப்பர் காற்றுப் பை. வண்டியின் பட்டை ஸ்பிரிங் அப்படியே இருக்கும். அச்சு மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இது வரும். ஊர்ப் பட்டறையில் லாரிக்குக் கூடுதலாக ஒரு பட்டை ஏற்றுவார்கள் இல்லையா, அதே வேலைதான். ஆனால் பட்டை நிரந்தரம். இதில் காற்றை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஏர் லிஃப்ட் நிறுவனத்தின் லோட்லிஃப்டர் 5000 வாங்கி, நண்பர் ஒருவரும் நானும் வீட்டு வாசலிலேயே ஒரு சனிக்கிழமையில் மாட்டினோம். 5 முதல் 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை காற்று வைக்கலாம்.

35 பி.எஸ்.ஐ. வைத்ததும் பிக்கப் நேராக நின்றது. பார்க்க அவ்வளவு அழகு! பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பினேன். ஆனால் அடுத்த பயணத்திலும் காற்றடித்தால் ஸ்டியரிங் அதே மாதிரி மிதந்தது.

அப்புறம்தான் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலில் எடை போட்டேன். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றுக்கும் தனித்தனியாக எடை தருவார்கள். குடும்பம், சாமான், ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) எல்லாவற்றோடும் டிரெய்லர் இல்லாமல் முன் அச்சில் 3,240 பவுண்டு, பின் அச்சில் 2,840. டிரெய்லரை மாட்டினால் முன்னால் 2,920, பின்னால் 3,940. ஏர் பேக்கில் காற்றை ஏற்றி மறுபடி நிறுத்தினேன். எண்கள் ஏறக்குறைய அதேதான்.

யோசித்தால் இது புரியும். ஹிட்ச் பந்து பின் அச்சுக்குப் பல அடி பின்னால் இருக்கிறது. அதன் மேல் 780 பவுண்டு இறங்கும்போது, பின் அச்சைத் தாங்குகட்டையாக வைத்து வண்டி சீசா பலகை மாதிரி முன்னால் தூக்குகிறது. ஏர் பேக் நிற்பது அந்தத் தாங்குகட்டையின் மேலேயே. அதனால் உயரத்தைத் திருப்பித் தர முடியும். முன் சக்கரம் இழந்த 320 பவுண்டைத் திருப்பித் தர முடியாது; ஸ்டியரிங் மிதந்தது அந்த எடை இல்லாமல்தான். முன்பாவது பின்பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து பயந்து ஓட்டினேன். நேராக நின்ற பிறகு அந்தப் பயமும் போய்விட்டது. ஆபத்தே அதுதான்.

முன் அச்சுக்கு எடையைத் தள்ளுவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். இரண்டு ஸ்பிரிங் கம்பிகளை டிரெய்லர் சட்டத்தோடு முறுக்கி மாட்டும்போது அவை நெம்புகோலாக வேலை செய்து எடையை முன்னுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பிரித்துவிடும். எங்களிடம் அது முதல் நாளிலிருந்தே இருந்தது. யாரும் சரியாக அமைத்துத் தரவில்லை, அவ்வளவுதான். ஏர் பேக்கை 5 பி.எஸ்.ஐ.க்கு இறக்கிவிட்டு, கம்பிகளைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாக இறுக்கி எடை போட்டதில் முன்னால் 3,140, பின்னால் 3,620, டிரெய்லர் அச்சில் 5,520 வந்தது. அன்று திரும்பி வரும் வழியிலேயே வண்டி வேறு வண்டியாக இருந்தது. இப்போது கம்பிகளை இறுக்கிய பிறகு, கடைசியாக ஏர் பேக்கில் 15 பி.எஸ்.ஐ. மட்டும் வைக்கிறேன். அதிகமாக ஏற்றினால் பின்பக்கம் உயர்ந்து கம்பிகள் தளர்ந்துவிடும். முன்னுக்குப் போன எடை பின்னுக்கே வந்துவிடும்.

இந்த நான்கு வருடத்தில் ஏர் பேக் பெரிய தொல்லை தரவில்லை. முதல் குளிர்காலத்தில் இடது பக்கம் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை இறங்கியது. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், இணைப்பில் குமிழி. குழாயை நான் சாய்வாக வெட்டியிருந்தேன். கூரான பிளேடால் நேராக வெட்டிச் செருகியதும் நின்றது. பை சின்னது என்பதால் கேஜ் வைத்துப் பார்க்கும்போதே கொஞ்சம் காற்று போய்விடும், அதனால் 2 பி.எஸ்.ஐ. கூட வைத்துவிட்டு அளக்கிறேன். இரண்டு பைக்கும் தனித்தனி வால்வு வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி இன்னும் சாயும். டிரெய்லர் இல்லாத நாளிலும் 5-க்குக் கீழே இறக்கக்கூடாது. பை மடிந்து கிழிந்துவிடும்.

கான்கிரீட் சாலை இணைப்புகளில் முன்னும் பின்னும் ஆடுவதை மட்டும் ஏர் பேக்கால் நிறுத்த முடியவில்லை. அது ஷாக் அப்சார்பர் வேலை. 60,000 மைலில் நான்கையும் மாற்றி பில்ஸ்டீன் 5100 போட்டேன். ஒரு துள்ளலோடு அடங்கிவிடுகிறது. கார் ரக டயரிலிருந்து எல்.டி. டயருக்கு (பாரம் தாங்கும் டிரக் ரகம்) மாறியதும் பெரிய வித்தியாசம். லாரிகள் கடக்கும்போது பின்பக்கம் நெளிவது பாதிக்கு மேல் குறைந்தது.

ஏர் பேக் வாங்க நினைப்பவர்கள் முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பாருங்கள்; ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் இருக்கும். எங்களுடையதில் 1,680 பவுண்டு. ஆட்கள் 520, சாமான் 150, ஹிட்ச் 90, டிரெய்லர் இறக்கும் 780, மீதி 140. ஏர் பேக் பெட்டியில் 5,000 என்று போட்டிருந்தாலும் இந்த 140 ஒரு பவுண்டுகூட அதிகமாகாது. பெரியவன் இப்போது கயாக் கேட்கிறான். சைக்கிள்களை வீட்டில் விட்டுவிட்டு வர ஒத்துக்கொண்டால் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.