கையில பொரிபொரியா இருந்ததுக்கு ஊர்ல வைத்தியம் தேடுன கதை

இந்தத் தடவ ஜூலைல இருந்து ஆறு வாரம் ஊர்ல இருந்தோம், தக்கலை பக்கம் தான் எங்க வீடு. கோயில் கொடை, கல்யாணம்னு ஒண்ணும் இல்ல, அம்மாவப் பாக்கணும், அப்புறம் எனக்க மக கைக்கு ஒரு வழி பண்ணணும், இந்த ரெண்டுக்காகத்தான் போனதே. அவளுக்கு 13 வயசு, ரெண்டு மேல் கையிலயும் பின்பக்கம் முழுக்க, கோழி உரிச்சா தோல் எப்படி இருக்குமோ அதே மாதிரி பொடிப்பொடியா சொரசொரன்னு இருக்கும். அரிப்பு கிடையாது, வலி கிடையாது, ஆனா மூணு வருஷமா போகல. நாங்க இருக்கது கனடால கால்கரில, குளிர்காலத்துல வெளிய மைனஸ் 25, உள்ள ஹீட்டர், காத்துல ஈரமே இருக்காது, அப்போ இன்னும் மோசமாயிரும். அங்க குடும்ப டாக்டர்ட்ட ரெண்டு தடவ காட்டியாச்சு, வறண்ட தோல், லோஷன் போடுங்கன்னு சொல்லி விட்டாங்க, தோல் டாக்டரப் பாக்கணும்னா அவங்க எழுதித் தரணும், எழுதுன பிறகு மாசக்கணக்குல காத்திருக்கணும். பிள்ள எந்த நேரமும் முழுக்கை சட்டையோட தான் இருப்பா. தக்கலை புழுக்கத்துலயும் அதக் கழட்டமாட்டேன்னு நின்னது தான் எனக்கு ரொம்ப விசனம்.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே அம்மா சட்டைக்கைய தூக்கிப் பாத்துட்டு, "இது கரப்பானாக்கும், பிள்ளைக்கு மீன் குடுக்காண்டாம்"னுட்டாங்க. கரப்பான்னு சொல்லிட்டா எங்க ஊர்ல மீன், கருவாடு, கத்திரிக்கா எல்லாம் நிறுத்திரணும். மேற்குக் கரையில ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், கிடைக்கதே வள்ளத்துல போய்ப் பிடிச்சிட்டு வர்ற மீன் தான், அந்தச் சாளையும் நெத்திலியும் மரச்சீனிக் கிழங்கோட முன்னால இருக்க, அவ மட்டும் பருப்பு ஊத்திச் சாப்பிட்டா. பத்து நாள் அப்படி. இதுக்குன்னே வருஷம் பூரா காத்துட்டு இருந்த பிள்ள அது. அம்மா பாசத்துல தான் சொன்னாங்க, அதனால என்னாலயும் எதிர்த்துப் பேச முடியல.

அடுத்து வீட்டுக்குப் பக்கத்துல ஒரு மெடிக்கல் ஸ்டோர். நான் போட்டோ தான் காட்டுனேன், கடைக்காரத் தம்பி அத சரியா பாக்கக்கூட இல்ல, "அக்கா இத ராத்திரி தேச்சு விடுங்க, ஒரு வாரத்துல போயிரும்"னு ஒரு டியூப் எடுத்து வச்சாரு. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டு அதுல இருந்த பொடி எழுத்த வாசிச்சா, குளோபெட்டசால், கூடவே படர்தாமரைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ரெண்டு ஆன்டிபயாட்டிக், எல்லாம் கலந்து ஒரே டியூப். குளோபெட்டசால்ங்கது தோலுக்குப் போடுற ஸ்டீராய்டுலயே ரொம்ப வீரியம் கூடுனது. மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சிரும், வரிவரியா தழும்பு விழும். இந்த மாதிரி க்ரீம எல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு ஆர்டர் போட்டாச்சு. அட்டையில சிவப்புக் கோடு ஒண்ணு இருக்கும், அது இருந்தா சீட்டு வேணும்னு அர்த்தம். வெளிநாட்டுல இருந்து வர்றவங்க தயவு செஞ்சு இந்தக் கோட்டப் பாருங்க, ஊர்ல கேட்டா கிடைக்குதேன்னு நாலஞ்சு டியூப் வாங்கிப் பெட்டில போட்டுட்டுப் போறத நானே பாத்திருக்கேன். நான் அதத் திறக்கல, மறுநாள் திருப்பிக் குடுத்துட்டேன், அந்தத் தம்பி ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டாரு.

அதுக்குள்ள எனக்க மதினி பிள்ளைய ஒரு பார்லருக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்க்ரப் போட்டு விட்டா. அத நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு. சர்க்கரையும் உப்பும் மாதிரி ஏதோ பரபரன்னு வச்சு அரை மணி நேரம் தேச்சிருக்காங்க, அன்னைக்கு மட்டும் வழவழன்னு இருந்துச்சு, மூணாம் நாள் கை முழுக்கச் சிவந்து அப்புறம் புள்ளிபுள்ளியா கறுத்துப் போச்சு. நம்ம தோலுக்கு அப்படித்தான், எங்க புண்ணு பட்டாலும் அந்த இடத்துல கறுப்பு நின்னுரும், சொரசொரப்ப விட அந்தக் கறுப்பு போகத்தான் நாளாகும்.

அப்புறம் தான் நாகர்கோவில்ல ஒரு தோல் டாக்டரம்மாவப் பாத்தோம். காலைல போன் பண்ணி டோக்கன் வாங்கி, சாயங்காலம் பார்வதிபுரம் பாலத்துல ஏறி இறங்கிப் போய்ச் சேர ஆறு மணி ஆச்சு, முன்னால பதினாலு பேரு. அம்மாவும் வருவேன்னு அடம் பிடிச்சு வந்தாங்க. ஒண்ணரை மணி நேரம் இருந்தோம், ஆனா கால்கரில மாசக்கணக்குன்னு சொன்னதோட பாத்தா இது எவ்வளவோ தேவல.

டாக்டர் முதல்ல என்கிட்ட ஒண்ணும் கேக்கல, பிள்ளைகிட்ட தான் கேட்டாங்க. "உனக்கு அரிக்குமா, கிள்ளி எடுப்பியா, வெயில் காலத்துல கொறையுமா?" எல்லாத்துக்கும் அவளே பதில் சொன்னா. முழங்கையும் முட்டும் தடவிப் பாத்தாங்க, வைட்டமின் ஏ கொறஞ்சா தவளைத்தோல்னு ஒண்ணு வரும், அது பெரும்பாலும் அங்க தான் முள்ளுமுள்ளா இருக்குமாம், இது அதில்லன்னாங்க. கணுக்கால் மேல மீன் செதில் மாதிரி இருக்கான்னு பாத்தாங்க, சின்னதுல மூச்சுத்திணறல், எக்ஸிமா இருந்துச்சான்னு கேட்டாங்க. பிறகு டார்ச் மாதிரி வெளிச்சம் வர்ற ஒரு லென்ஸ கையில வச்சு, அத மொபைல்ல படம் எடுத்து அவளுக்கே காட்டுனாங்க. ஒவ்வொரு பொரிக்குள்ளயும் மெல்லிசா ஒரு முடி சுருண்டு கிடக்குது! கெரட்டின்னு தோல்ல இருக்க புரதம், அது முடி வர்ற துளைய மூடிபோட்ட மாதிரி அடச்சிருதாம், முடி வெளிய வர முடியாம உள்ளயே சுத்திக்கிடக்கு. பேரு கெரட்டோசிஸ் பைலாரிஸ். தொத்தாது, அழுக்கு கிடையாது, ரத்தம் கெட்டதும் கிடையாது, இந்த வயசுல பத்துப் பிள்ளைங்கள எடுத்தா நாலஞ்சு பேருக்காவது இருக்கும், நெறய பேருக்கு முப்பது வயசுக்கு மேல தானா கொறையும்னு சொன்னாங்க. குடும்பத்துல வர்றது தான், அம்மாவுக்கு இருக்கான்னு என்னைக் கேட்டாங்க. எனக்கு காலேஜ் படிக்கும்போது இருந்துச்சு, நான் அத வேர்க்குருன்னே நெனச்சிட்டு இருந்தேன்.

அப்ப எனக்க அம்மா ஒண்ணும் பேசாம ஜாக்கெட் கைய மேல ஏத்தி டாக்டர்ட்ட நீட்டுனாங்க. 68 வயசு, பொரி இப்போ கண்ணுக்கு அவ்வளவா தெரியல, தடவுனா சொரசொரன்னு இருக்கு. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அம்மா முழங்கை வரைக்கும் கை வச்சுத்தான் ஜாக்கெட் தைப்பாங்க, அது அவங்களுக்குப் பிடிச்ச தையல்னு இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன். "பெண்ணு பாக்க வந்தப்போ மறைச்சேன், அதுக்குப் பிறவு அப்படியே பழகிப்போச்சு"ன்னாங்க. மக அந்தக் கைய தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருந்தா.

வைத்தியம் சொன்னது ரொம்ப சாதாரணம், ஆனா தினமும் செய்யணும். இளஞ்சூட்டுத் தண்ணில அஞ்சு பத்து நிமிஷத்துல குளிச்சு முடிக்கணும், நார், பிரஷ், ஸ்க்ரப் ஒண்ணும் கூடாது, நுரை பொங்குற சோப்பு வேண்டாம். துண்டால ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயறதுக்குள்ள யூரியா 10 சதவீதமும் லாக்டிக் ஆசிடும் சேந்த க்ரீம் போடணும், யூரியா தண்ணிய இழுத்து வைக்கும், ஆசிட் அந்த அடைப்பக் கரைக்கும். கீறல் இருக்க இடத்துல எரியும், அங்க ஆறுன பிறகு போட்டாப் போதும். கைய வெயில்ல காட்டுனா சன்ஸ்க்ரீன் போடணும். சொரசொரப்பு கொறைய நாலுல இருந்து ஆறு வாரம், நிறுத்துனா திரும்ப வரும், இத அடியோட எடுக்க மருந்து கிடையாதுன்னு தொடக்கத்துலயே தெளிவா சொல்லிட்டாங்க. அதனாலயே எனக்கு அவங்க மேல நம்பிக்கை வந்துச்சு. இதுல கேக்கலன்னா ரெட்டினாய்டுன்னு வைட்டமின் ஏ வகை க்ரீம் ஒண்ணு இருக்கு, இப்போதைக்கு வேண்டாம்னாங்க. மதினி தங்கச்சிக்கும் இதே மாதிரி கை, அவ இப்போ மாசமா இருக்கா, அவளுக்கு என்ன பண்ணலாம்னு சும்மா கேட்டு வச்சேன், அவளுக்கு அந்த ரெட்டினாய்டு பக்கமே போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க.

தேங்காண்ணெய் கேட்டேன், எங்க வீட்டுல உருக்கெண்ணெய் எப்பவும் இருக்கும். ஈரத்தோல்ல தேச்சா காயாம இருக்கும், நல்லது தான், ஆனா அடைப்ப அது எடுக்காதுன்னாங்க. மீனக் கேட்டது என் மக, நான் இல்ல. "நல்லா சாப்பிடு மக்ளே, மீனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." அன்னைக்கு ராத்திரியே அம்மா நெத்திலி வாங்க ஆள் அனுப்புனாங்க, கிடைக்கல, மறுநாள் தான் கிடைச்சுது.

செலவு சொல்லிருதேன், கேப்பீங்க. டாக்டருக்கு 400 ரூபா, ஒரு டியூப் 300 சொச்சம், நாலு டியூப் வாங்குனேன். இதுக்கு முந்தி ஒரு அழகு கிளினிக்ல லேசர் ஆறு சிட்டிங், இருபத்தி நாலாயிரம்னு சொல்லி அட்வான்ஸ் கேட்டாங்க, 13 வயசுப் பிள்ளைக்கு! டாக்டர்ட்ட சொன்னப்போ தேவையே இல்லன்னாங்க. துட்டு கஷ்டம் உள்ளவங்க ஆசாரிபள்ளம் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு காலைல சீக்கிரம் போனா தோல் ஓ.பி.ல காசில்லாமப் பாக்கலாம், எனக்க சித்தி சர்க்கரைக்கு அங்க தான் போறாங்க. டியூப்ப எல்லாம் பெட்டிக்குள்ள வச்சு, பில்லும் சீட்டும் கைப்பையில வச்சுக்கிட்டேன், திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல யாரும் கேக்கல.

வந்து ரெண்டரை மாசம் ஆகுது. சொரசொரப்பு பாதிக்கு மேல போயிருக்கு, பார்லர் குடுத்த கறுப்பு இன்னும் லேசா நிக்குது. போன வாரம் ஹீட்டர் போட ஆரம்பிச்சோம், அவ படுக்குற ரூம்ல காத்த ஈரமா வைக்க ஒரு மெஷின் வச்சிருக்கேன். நேத்து அம்மா போன்ல கூப்பிட்டாங்க, நான் அங்க விட்டுட்டு வந்த ஒரு டியூப் தீந்து போச்சாம், காலி டியூப்பையும் சீட்டையும் எடுத்துட்டுத் தனியா தக்கலை வரைக்கும் நடந்து போய் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்களாம்.