மோட்டார் கன்ட்ரோல் பயிற்சி கிட்: மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் கல்லூரி கன்ட்ரோல் லேபுக்காக ஆன்லைனில் 7,400 ரூபாய்க்கு வாங்கினேன். 12 வோல்ட் கியர் மோட்டார், தண்டில் ஓர் அலுமினியத் தட்டு, தண்டின் கோணத்தை அளக்க 600 பல்ஸ் என்கோடர், புரோகிராமை ஓட்ட அர்டுயினோ ஊனோ, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க எல்298என் டிரைவர். ஸ்லைடிங் மோட் கன்ட்ரோலை வருடக்கணக்கில் போர்டில் எழுதியே நடத்தியிருக்கிறேன். பிழையையும் வேகத்தையும் சேர்த்து ஒரு கோடு வைத்து, மோட்டார் அதன் எந்தப் பக்கம் விலகினாலும் எதிர்ப்பக்கம் தள்ளி, அந்தக் கோடு வழியாகவே இலக்குக்குக் கொண்டுவரும் முறை அது. இந்த வருடப் பிள்ளைகளாவது அதைக் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினேன்.

பார்த்தார்கள். தட்டின் விளிம்பில் 200 கிராம் எடையைத் திருகி மாட்டி, 90 டிகிரிக்குப் போகச் சொன்னோம். எடையில்லாமல் டியூன் செய்திருந்த பிஐடி என்ற வழக்கமான கன்ட்ரோல் முறை, தாண்டிப் போய் மூன்று முறை ஆடித்தான் நின்றது. ஸ்லைடிங் மோடோ எடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்து நின்றது. எடை எவ்வளவு என்று அதற்குச் சொல்லவே இல்லை. அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று மட்டும் கணக்குப் போட்டு, அதை மீறும் அளவுக்கு கெயின் (எவ்வளவு பலமாகத் தள்ளுவது என்ற எண்) வைத்தோம். ஒரு மாணவி எடையை மாட்டியும் கழற்றியும் நாலு தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

பெரிய குறை, கூடவே வரும் மாதிரி புரோகிராம். அதில் இருப்பது வெறும் சைன் (sign) ஃபங்ஷன்; பிளஸா மைனஸா என்று மட்டும்தான் பார்க்கும். மோட்டாருக்கு முழு வோல்டேஜ் முன்னும் பின்னும் மாறி மாறிப் போகிறது. ‘கிர்ர்ர்’ என்ற சத்தம் மேசை வரை அதிரும். பத்தே நாளில் பிளாஸ்டிக் கியரின் பல் தேய்ந்துவிட்டது. விற்றவர்களைக் கேட்டால், புதுக் கியர் 350 ரூபாய் என்றார்கள். சாட்டரிங் எனப்படும் இந்த அதிர்வு பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சத்தத்தில் பாதி என்கோடரால் வருகிறது. பல்ஸுக்கு நாலு கவுன்ட் என்று சுற்றுக்கு 2,400 கவுன்ட், அதாவது கவுன்டுக்கு 0.15 டிகிரி. மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வேகம் கணக்கிட்டால், ஒரே ஒரு கவுன்ட் நகர்ந்தாலும் வேகம் விநாடிக்கு 150 டிகிரி என்று குதிக்கும். அந்தக் குதிப்பே சைனைப் புரட்டிவிடுகிறது. பத்து சாம்பிளுக்குச் சராசரி எடுத்து, சைனுக்குப் பதில் சாச்சுரேஷன் (பூஜ்யத்தின் அருகே சட்டென்று புரளாமல் சாய்வாக மாறும் ஃபங்ஷன்) போட்டதும் சத்தம் அடங்கியது. பதிலுக்கு ஒரு டிகிரி அளவு பிழை தங்கிவிட்டது. பிறகு ஸ்லைடிங் மோடிலேயே இன்னொரு வகையான, லெவன்ட் என்பவரின் சூப்பர் ட்விஸ்டிங் முறையைப் போட்டோம். அதில் சைன் இன்டெக்ரலுக்குள் (சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு) போய்விடுவதால் மோட்டாருக்குப் போகும் கட்டளை திடீரென்று புரளாது. பிழையும் குறைந்தது.

டிரைவரே ஏறக்குறைய இரண்டு வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. கெயின் கணக்கில் 12 என்று போடாமல் 10 என்று போடுங்கள்.

இன்னொரு கிட் வாங்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். நீங்கள் வாங்கினால், சுவிட்ச் போடும் முன்பே அந்த மாதிரி புரோகிராமை அழித்துவிடுங்கள்.