சின்ன ஆபீஸுக்கு இன்ட்யூன் சரிப்படுமா?

எங்கள் ஆபீஸ் பெங்களூர் கோரமங்களாவில். ஆனால் பாதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று அவரவர் ஊரில் இருந்தபடியே வேலை பார்க்கிறார்கள். அத்தனை லேப்டாப்பையும் போனையும் இங்கிருந்தே கட்டி மேய்க்க மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன்தான் வைத்திருக்கிறோம். எனக்குத் திருப்திதான்.

ரொம்பப் பிடித்தது ஆட்டோபைலட். மெஷினின் அடையாளத்தை முன்கூட்டியே பதிந்துவிட்டால் போதும், சேலத்தில் இருப்பவர் வீட்டிலேயே பெட்டியைப் பிரித்து, வைஃபை போட்டு, ஆபீஸ் ஐடியில் நுழைந்ததும் நாம் சொல்லி வைத்த மென்பொருள், செட்டிங் எல்லாம் தானாக இறங்கிவிடும். ஆனால் விண்டோஸ் ப்ரோ வேண்டும். எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் விலை குறைவு என்று ஹோம் பதிப்போடு வாங்கினால், அப்புறம் ப்ரோவுக்கு மாற்றத் தனியாகச் செலவாகும்.

தொலைந்த மெஷினை அழிக்கும் 'வைப்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மடிவாளாவில் ராத்திரி பஸ் பிடிக்கிற அவசரத்தில் எங்கள் டீம் பெண் ஒருவர் லேப்டாப் பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டார். தகவல் வந்த உடனே வைப் கொடுத்தேன், ஆனால் மெஷின் நெட்டுக்கே வராததால் கட்டளை 'பென்டிங்' என்றே நின்றது. இப்படித் தூரத்திலிருந்து மெஷின்களை நிர்வகிக்கும் எந்த மென்பொருள் (எம்டிஎம்) ஆனாலும் இதுதான் நிலைமை, நெட் இல்லாத மெஷினைத் தொட முடியாது. அன்றைக்குக் காப்பாற்றியது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர்: டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாலும் சாவி இல்லாமல் படிக்க முடியாது. அதனால் முதல் நாளே பிட்லாக்கரைக் கட்டாயமாக்குங்கள். அது இல்லாத மெஷினில் மெயில் திறக்காதபடி கண்டிஷனல் ஆக்சஸும் போட்டுவிடுங்கள்.

சொந்த போன் விஷயத்தில்தான் ஆட்களுக்குப் பயம். "என் போட்டோவெல்லாம் உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்காதவர்களே இல்லை. தெரியாது. ஆண்ட்ராய்டில் வொர்க் புரொஃபைல் என்று ஆபீஸுக்கான தனிப் பகுதி போட்டால் ஆபீஸ் ஆப்கள் மேல் ஒரு குட்டிப் பெட்டிச் சின்னம் இருக்கும், நம் கை அதற்குள் மட்டும்தான் நீளும். போட்டோ, மெசேஜ், கால் விவரம் எதுவும் வராது, லீவு நாளில் அந்தப் பகுதியை அவர்களே அணைத்தும் வைக்கலாம். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள், சுற்றறிக்கை அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள். வேலையை விட்டுப் போகிறவரின் போனுக்கு 'ரிடையர்' போதும், ஆபீஸ் டேட்டா மட்டும் போய்விடும். 'வைப்' பட்டன் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்து அழுத்துங்கள்.

குறை என்றால் வேகம். வழக்கமாக 8 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மெஷின் வந்து நாம் போட்ட பாலிசியை, அதாவது விதிகளைச் சரிபார்க்கும், அவசரம் என்றால் 'சிங்க்' அழுத்தச் சொல்ல வேண்டும். ஐபோன் இருந்தால், அதை இன்ட்யூனோடு இணைக்கும் ஆப்பிள் சான்றிதழை வருடா வருடம் அதே ஆப்பிள் ஐடியில் புதுப்பிக்க வேண்டும், அதனால் அந்த ஐடி கம்பெனி பெயரில் இருக்கட்டும்.

300 பேர் வரைக்குமான மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்திலேயே இன்ட்யூனும் சேர்ந்து வருகிறது. தனியாக வாங்குவதற்கு முன்னால், நீங்கள் எந்த பிளானுக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அக்கவுன்ட்ஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.