என்ஜின்எக்ஸ், ஹெச்ஏபிராக்ஸி, கேடி: டெர்மினலில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு எது கைகொடுக்கும்?

வெளியிலிருந்து வரும் எந்தக் கோரிக்கையும் நம் செயலியைத் தொடும் முன் ஒரு சர்வரைத் தாண்டித்தான் வர வேண்டும். 80, 443 ஆகிய போர்ட்டுகளில் காத்திருந்து, சான்றிதழைக் காட்டி, யாரை உள்ளே விடுவது, எந்த பேக்எண்டுக்கு (பின்னால் செயலியை ஓட்டும் சர்வருக்கு) அனுப்புவது என்று முடிவு செய்யும் வாயிற்காவல் சர்வர் அது. ரிவர்ஸ் பிராக்ஸி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இந்த வேலைக்கு இன்று அதிகம் அடிபடும் பெயர்கள் மூன்று: என்ஜின்எக்ஸ், ஹெச்ஏபிராக்ஸி, கேடி.

மூன்றையும் ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் "விநாடிக்கு எத்தனை கோரிக்கை" என்பதிலேயே நின்றுவிடுகிறது. நம்மில் பலர் நடத்தும் சேவைகளுக்கு இந்த மூன்றில் எதன் வேகமும் போதாமல் போகாது. தினசரி பாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) ஒரு வரியை மாற்ற வேண்டும். மாற்றியது தப்பென்றால் முன்கூட்டியே சொல்லுமா? ரீலோடு செய்தால், அதாவது புது கான்ஃபிக்கைப் படிக்கச் சொன்னால், ஏற்கெனவே இணைப்பில் இருப்பவர்கள் கதி என்ன? நள்ளிரவில் 504 (பேக்எண்ட் உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்ற பிழை) கொட்ட ஆரம்பித்தால், குறை எந்தப் பக்கம் என்று டெர்மினலிலேயே தெரியுமா? இந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் நான் தேர்வு செய்வேன்.

மூன்றின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் குணம் பிடிபடும். வில்லி டாரோ 2001-இல் வெளியிட்ட ஹெச்ஏபிராக்ஸி, போக்குவரத்தைப் பிரித்து அனுப்புவதற்கென்றே எழுதப்பட்டது. வட்டில் இருக்கும் கோப்புகளைப் பரிமாறும் வேலை அதற்கு இல்லை. இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் ஒரு முழு வெப் சர்வர். பிராக்ஸி வேலையும் சேர்ந்தே வந்தது. மேட் ஹோல்ட் 2015-இல் கொண்டுவந்த கேடி கோ மொழியில் எழுதப்பட்டது. தானாகவே ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கிக்கொள்வது அதன் அடையாளம். 2020-இல் வந்த அதன் 2-ஆம் பதிப்பு அடியோடு மாற்றி எழுதப்பட்டது.

மாற்றும் முன்: சோதனை

என்ஜின்எக்ஸில் மைனஸ் டி (சிறிய டி, -t) கொடுத்தால் கான்ஃபிக்கைப் படித்து, பிழை இருந்தால் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லும். சொல்லப்பட்ட சான்றிதழ்க் கோப்பு அங்கே இல்லையென்றாலும் இங்கேயே பிடிபடும். சுடோ போட்டு (ரூட் அனுமதியோடு) ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தனிச்சாவிக் கோப்பைத் திறக்க முடியாமல் சோதனை வேறு காரணத்துக்காகத் தோற்கும். பெரிய டி (-T) கொடுத்தால் இன்னும் நல்லது: இன்க்ளூட் செய்த கோப்புகள் உட்பட முழு கான்ஃபிக்கையும் வரிசையாகக் கொட்டிவிடும். யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன பழைய சைட் கோப்பு இன்னும் படிக்கப்படுகிறதா என்பதை அதில் கிரெப் (சொல் தேடும் கட்டளை) போட்டால் உடனே பார்க்கலாம்.

ஆனால் இந்தச் சோதனை பெரும்பாலும் எழுத்துப்பிழை பார்ப்பதோடு சரி. ஒரே டொமைன் பெயரை இரண்டு சர்வர் பிளாக்குகளில் எழுதியிருந்தால், ஒன்றைக் கண்டுகொள்ளப் போவதில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். அதற்குக் கீழேயே சோதனை வெற்றி என்றும் வரும். கடைசி வரியை மட்டும் பார்ப்பவர் மாட்டிக்கொள்வார். எந்த பேக்எண்டுக்கு அனுப்புவது என்று சொல்லும் பிராக்ஸி_பாஸ் முகவரியின் கடைசியில் போடும் சாய்கோடு இதைவிட மோசம். /ஏபிஐ/ என்ற லொகேஷனுக்குள் பேக்எண்டை 127.0.0.1:3000 என்று மட்டும் எழுதினால் கோரிக்கை /ஏபிஐ/யூசர்ஸ் என்றே போய்ச் சேரும். 3000-க்குப் பின்னால் ஒரு சாய்கோடு சேர்த்தால் /ஏபிஐ/ வெட்டப்பட்டு வெறும் /யூசர்ஸ் போகும். இலக்கணப்படி இரண்டும் சரி, அதனால் சோதனை வாயே திறக்காது.

ஹெச்ஏபிராக்ஸியின் மைனஸ் சி (-c) சோதனை இன்னும் ஆழமாகப் போகிறது. டைம்அவுட் (காத்திருக்கும் கெடு) எழுத மறந்தால் எச்சரிக்கும். பேக்எண்டைத் தேர்ந்தெடுக்கும் விதிக்குக் கீழே கோரிக்கையைத் திருத்தும் விதியை எழுதினால், "நீங்கள் கீழே எழுதியிருந்தாலும் இது முன்னதாகத்தான் ஓடும்" என்ற பொருளில் சொல்லும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்ப்பதற்கு மூன்றில் மிக அருகில் வருவது இதுதான். புதிய பதிப்புகளில் சொல்லைத் தப்பாக அடித்தால் "இதைச் சொல்ல வந்தீர்களா?" என்று கேட்கிறது. கோப்பின் கடைசி வரி புதுவரிக் குறியோடு முடியாவிட்டால் கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம் என்று மறுத்தே விடுகிறது. முதல் முறை பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஸ்கிரிப்ட் எழுதிய கான்ஃபிக் பாதியில் நின்று, அதையும் சர்வர் ஏற்றுக்கொண்டு ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்தால் எரிச்சல் போய்விடும்.

கேடியில் வேலிடேட் என்ற துணைக்கட்டளை இருக்கிறது. அதோடு அடாப்ட் என்ற இன்னொன்றும் உண்டு. உண்மையில் பயன்படுவது அதுதான். கேடிஃபைலில் (கேடியின் கான்ஃபிக் கோப்பில்) நாம் எழுதும் வரிசையில் கட்டளைகள் ஓடுவதில்லை. கேடி தனக்கென்று வைத்திருக்கும் ஒரு வரிசையில் அவற்றை அடுக்கிக்கொள்கிறது. அடாப்ட் கொடுத்தால் கடைசியில் உருவாகும் ஜேசன் வடிவ கான்ஃபிக்கைக் காட்டும், உண்மையான வரிசை அதில் தெரியும். எழுதிய வரிசையே வேண்டும் என்றால் ரூட் பிளாக்குக்குள் எழுத வேண்டும்.

ரீலோடு

மூன்றுமே சேவையை நிறுத்தாமல் புது கான்ஃபிக்கை ஏற்றும். தப்பான கான்ஃபிக்கைக் கொடுத்தால் மூன்றும் பழையதோடே ஓடும். சாதாரண வெப் பக்கங்களுக்கு இங்கே வித்தியாசம் பார்க்க ஒன்றும் இல்லை. வெப்சாக்கெட் போன்ற நீண்ட இணைப்புகள் வந்தால்தான் கதை மாறுகிறது.

என்ஜின்எக்ஸ் ரீலோடு செய்யும்போது மாஸ்டர் பிராசஸ் புதிய வொர்க்கர்களை (கோரிக்கைகளைக் கையாளும் பிராசஸ்களை) கிளப்பிவிட்டு, பழையவற்றை "கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போங்கள்" என்று விட்டுவிடும். வெப்சாக்கெட் இணைப்பு மணிக்கணக்கில் முடியாது. ஆகவே பிஎஸ் (ஓடும் பிராசஸ்களைக் காட்டும் கட்டளை) கொடுத்துப் பார்த்தால் "ஷட்டிங் டவுன்" என்ற குறிப்போடு பழைய வொர்க்கர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்தடுத்து ரீலோடு செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் சேர்ந்து நினைவகத்தைத் தின்னும். வொர்க்கர்_ஷட்டவுன்_டைம்அவுட் என்ற அமைப்பால் இதற்கு ஒரு கெடு வைக்கலாம். ஹெச்ஏபிராக்ஸியிலும் நிலைமை இதேதான். அங்கே அந்த அமைப்பின் பெயர் ஹார்ட்-ஸ்டாப்-ஆஃப்டர்.

கேடி இதற்கு நேர்மாறு. இயல்பு நிலையில், ரீலோடு நடந்ததும் பிராக்ஸி வழியாகப் போகும் வெப்சாக்கெட் இணைப்புகளை மூடிவிடும். சாட் செயலி ஒன்றை அதன் பின்னால் வைத்திருந்தால், ஒரு சின்ன ஹெட்டர் மாற்றத்துக்காக ரீலோடு செய்த நொடியில் இணைந்திருந்த அத்தனை பேரும் துண்டிக்கப்பட்டு ஒரே நேரத்தில் திரும்ப மோதுவார்கள். இப்படி மூடுவதைத் தள்ளிப்போட ஸ்ட்ரீம்_குளோஸ்_டிலே என்ற அமைப்பு இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். கேடியைப் பற்றி இன்னொன்று: ரீலோடு கட்டளை 2019 போர்ட்டில் இருக்கும் நிர்வாக ஏபிஐ மூலமாகத்தான் போகிறது. அந்த போர்ட் உள்ளூர் முகவரியில் மட்டுமே கேட்கும் என்றாலும், அதே இயந்திரத்தில் ஓடும் வேறு எந்த பிராசஸும் அதை எட்டி கான்ஃபிக்கை மாற்றிவிடலாம். பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வர் என்றால் அதை யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு (போர்ட்டுக்குப் பதில் ஒரு கோப்பு வழியாகப் பேசும் முறைக்கு) மாற்றி, கோப்பு அனுமதியால் பூட்டுவது நல்லது.

ஹெச்ஏபிராக்ஸி இங்கே முந்துவது வேறொரு காரணத்தால்: பல மாற்றங்களுக்கு ரீலோடே வேண்டாம். அதன் ஸ்டாட்ஸ் சாக்கெட்டை அட்மின் அனுமதியோடு திறந்து வைத்திருந்தால், சோகேட் (சாக்கெட்டோடு பேச உதவும் கருவி) வழியாக ஒரு வரி அனுப்பி ஒரு பேக்எண்டை "டிரெயின்" நிலைக்குக் கொண்டுபோகலாம். புது ஆட்களை அதற்கு அனுப்பாது, ஏற்கெனவே இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாது. ஷோ ஸ்டாட் கொடுத்து அந்த பேக்எண்டின் அமர்வு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்குவதைப் பார்த்துவிட்டு, புதுப்பதிப்பை ஏற்றி, "ரெடி" என்று ஒரு வரி அனுப்பினால் முடிந்தது. இப்படிச் செய்த மாற்றம் கான்ஃபிக் கோப்பில் பதியாது, அடுத்த ரீலோடில் பழைய நிலைக்கே போய்விடக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இலவச என்ஜின்எக்ஸில் வழக்கமான வழி, கோப்பைத் திறந்து அந்த சர்வர் வரியில் "டவுன்" என்று எழுதி ரீலோடு செய்வது.

பேக்எண்டின் உடல்நிலையைப் பார்ப்பதிலும் இதே இடைவெளிதான். ஹெச்ஏபிராக்ஸியில் செக் என்று ஒரு சொல் எழுதினால் 2 விநாடிக்கு ஒருமுறை தானாகவே போய்த் தட்டிப் பார்க்கும். தொடர்ந்து 3 முறை தோற்றால் ஒதுக்கிவைக்கும், 2 முறை வென்றால் திரும்பச் சேர்க்கும். இலவச என்ஜின்எக்ஸ் உண்மையான பயனரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் தெரிந்துகொள்ளும். கேடியில் இரண்டு வகையும் இருக்கின்றன, நாம் எழுதிச் சேர்க்க வேண்டும்.

உடைந்த பிறகு: லாக்

என் முடிவை நிர்ணயிக்கும் இடம் இது. ஹெச்ஏபிராக்ஸியின் ஹெச்டிடிபி லாக் வரியில் சாய்கோடுகளால் பிரித்த ஐந்து எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக 0/0/1/-1/30001 என்று வந்து, பக்கத்தில் 504 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் மில்லிவிநாடி. முதல் எண், கோரிக்கை முழுதாக வந்து சேர எடுத்த நேரம். இரண்டாவது, வரிசையில் காத்திருந்த நேரம். மூன்றாவது, பேக்எண்டோடு இணைய எடுத்த நேரம்; 1 என்றால் நெட்வொர்க்கில் குறை இல்லை, பேக்எண்ட் பிராசஸ் உயிரோடுதான் இருக்கிறது. நான்காவது, பதிலின் ஹெட்டர் வர எடுத்த நேரம். -1 என்றால் அது வரவே இல்லை. ஐந்தாவது மொத்தம்: 30 விநாடி காத்திருந்து கைவிட்டிருக்கிறது. அதே வரியில் சிறிய எஸ், பெரிய ஹெச் (sH) என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். சர்வர் பக்கத்து டைம்அவுட், ஹெட்டருக்குக் காத்திருந்தபோது, என்று பொருள். இந்த ஒற்றை வரியோடு செயலி எழுதியவரிடம் போய், "இணைப்பு ஒரு மில்லிவிநாடியில் கிடைத்தது, பதில்தான் வரவில்லை, டேட்டாபேஸ் பக்கம் பாருங்கள்" என்று சொல்லலாம். யார் மேல் குறை என்ற வாக்குவாதத்தில் போகும் நேரம் அப்படியே மிச்சம்.

என்ஜின்எக்ஸின் இயல்பான அக்சஸ் லாக்கில் எவ்வளவு நேரம் ஆனது என்ற தகவலே கிடையாது. லாக்_ஃபார்மட்டில் ரிக்வெஸ்ட்_டைம், அப்ஸ்ட்ரீம்_கனெக்ட்_டைம், அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம் ஆகிய மாறிகளை நாமே சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் போதுமான அளவுக்கு வந்துவிடும், ஆகவே நிறுவிய அன்றே செய்துவிடுங்கள். அதன் எரர் லாக் நன்றாகவே பேசும். 111 என்ற எண்ணோடு இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் பேக்எண்ட் ஓடவில்லை. கேடியில் லாக் என்று எழுதாதவரை அக்சஸ் லாக்கே இல்லை. எழுதினால் ஜேசனாக வரும், ஜேக்யூ என்ற கருவியை வைத்து அலசுவதற்கு மூன்றிலும் இதுவே வசதி.

ஹெச்ஏபிராக்ஸியிலும் ஒரு முள் உண்டு. அது தானாக லாக் கோப்பு எழுதாது; சிஸ்லாகிடம் (கணினியின் பொது லாக் சேவையிடம்) கொடுக்கும். க்ரூட் போட்டு (ஒரே அடைவுக்குள் அடைத்து) ஓட்டும்போது உள்ளிருந்து சிஸ்லாக் சாக்கெட் தெரியாது, அதற்கு ஒன்றை அந்த க்ரூட் அடைவுக்குள்ளேயே திறந்துவிட வேண்டும். முதல் முறை நிறுவுபவர்கள் லாக் வரவில்லை என்று தவிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சான்றிதழ்

இதில் கேடிக்கு நிகர் இல்லை. டொமைன் பெயரை எழுதி, டிஎன்எஸ் சரியாக இருந்தால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: சான்றிதழ்கள், ஓட்டும் பயனரின் டேட்டா அடைவில் சேமிக்கப்படுகின்றன. கண்டெய்னரில் அந்த அடைவை நிலையான வால்யூமில் வைக்காவிட்டால் ஒவ்வொரு முறை கண்டெய்னரை மாற்றும்போதும் புதிதாகக் கேட்கும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒரே பெயர்த் தொகுப்புக்கு ஏழு நாளில் 5 சான்றிதழ்களுக்கு மேல் தராது. என்ஜின்எக்ஸில் செர்ட்பாட் (சான்றிதழ் வாங்கிப் புதுப்பிக்கும் கருவி) புதுப்பித்த சான்றிதழ், ரீலோடு நடக்கும்வரை பயனுக்கு வராது. செர்ட்பாட்டின் டிப்ளாய்-ஹூக்கில் ரீலோடு கட்டளையைச் சேர்ப்பது அவசியம். ஹெச்ஏபிராக்ஸிக்குச் சான்றிதழையும் சாவியையும் ஒரே கோப்பில் ஒட்டிக் கொடுப்பதுதான் பழகிய வழி.

ஆக, ஒரே ஆள் ஒரே சர்வரில் இரண்டு மூன்று செயலிகள் வைத்திருந்தால் கேடியைப் போடுங்கள், தயங்க வேண்டாம். பிஹெச்பியும் நிலையான கோப்புகளும் ஏற்கெனவே என்ஜின்எக்ஸில் ஓடினால் அதை மாற்றக் காரணமே இல்லை. ஒரே செயலி பல பேக்எண்டுகளில் ஓடி, பகலிலேயே புதுப்பதிப்பு ஏற்ற வேண்டிய இடத்தில் நான் ஹெச்ஏபிராக்ஸியைத் தவிர வேறொன்றை வைக்க மாட்டேன்.

முன்னால் ஹெச்ஏபிராக்ஸி, பின்னால் என்ஜின்எக்ஸ் என்று சேர்த்தும் வைக்கலாம். அப்படி வைத்தால் பின்னால் இருப்பதன் லாக்கில் எல்லாக் கோரிக்கையும் ஒரே ஐபியிலிருந்து வந்ததாகத் தெரியும். இதற்குப் பிராக்ஸி புரோட்டோகாலை (பயனரின் உண்மையான ஐபியைச் சேர்த்து அனுப்பும் முறையை) இரு பக்கமும் இயக்க வேண்டும்: முன்னால் சென்ட்-பிராக்ஸி, பின்னால் லிசன் வரியில் பிராக்ஸி_புரோட்டோகால், லாக்கில் உண்மையான ஐபி வர செட்_ரியல்_ஐபி_ஃப்ரம், ரியல்_ஐபி_ஹெட்டர் வரிகளும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அந்த போர்ட்டில் எந்தக் கோரிக்கையும் பிழைக்காது. ஆகவே என்ஜின்எக்ஸில் அதற்கென்று வேறொரு போர்ட்டைத் திறந்து, கர்ல் (கோரிக்கை அனுப்பிப் பார்க்கும்) கட்டளைக்கு ஹெச்ஏபிராக்ஸி-புரோட்டோகால் என்ற விருப்பத்தைக் கொடுத்து அந்த போர்ட்டை நேரடியாகத் தட்டிப் பாருங்கள். சரியான பதில் வந்த பிறகு ஹெச்ஏபிராக்ஸியை அங்கே திருப்பிவிட்டு, பழைய போர்ட்டை மூடலாம்.