விசைப்படகு சைலன்சர் குழாய்: நாடாவா, தகடா?

சைலன்சர் குழாயின் சூட்டை மறைக்க நாடா சுற்றலாம், அல்லது தகட்டு உறை போடலாம். மண்டபம், பாம்பன் கடல்காற்றுக்கு எங்கள் ஓட்டு தகட்டுக்குத்தான்.

கண்ணாடியிழை நாடா மலிவு, வளைவிலும் படியும். இரண்டு இஞ்ச் நாடாவை நனைத்து, கால் இஞ்ச் மேலேறும்படி இறுக்கிச் சுற்றி, முனைகளில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கிளாம்ப் போட வேண்டும். கையுறை அவசியம், இழை அரிக்கும். முதல் ஓட்டத்தில் புகையும், பயம் வேண்டாம். நனைப்பது நல்ல தண்ணீரில் மட்டுமே! உப்பு உள்ளே தங்கினால் ஈரத்தை இழுக்கும். நாடாவுக்கு அடியில் இரும்புக் குழாய் செதில் செதிலாக உரியும். கரி கசியும்வரை வெளியே தெரியாது.

316 ரக எஸ்.எஸ். தகடு விலை கூடுதல், வளைவில் வேலையும் அதிகம். ஆனால் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே அரை இஞ்ச் இடைவெளியில் காற்று ஓடும். ஆறிய பிறகு கழுவலாம். வெல்டிங் விரிசல் உடனே கண்ணில் படும்.

ஏற்கெனவே நாடா சுற்றியவர்கள் ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியதும் அவிழ்த்து, குழாயைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் இடம் மெலிந்திருக்கும்.