செம்புக் கம்பியும் சிம் கார்டும்: ரெண்டையும் சேர்க்க நாலு வழி, எது யாருக்கு சரிவரும்

டெலிபோன் லைன்ல 6 எம்பிபிஎஸ் தான் வருது, ஜன்னல் ஓரமா போனை வச்சா 4ஜி-ல 30 வருது, அப்போ ரெண்டையும் சேர்த்து 36 ஆக்கிட முடியாதா? ஜெர்மனியில ஒரு சின்ன கிராமத்துக்கு குடி வந்தப்ப எனக்கு இருந்த கேள்வி இதுதான். இங்க நகரத்த விட்டு கொஞ்சம் வெளிய வந்துட்டா இன்னமும் பழைய செம்புக் கம்பி தான் நிறைய வீடுகளுக்கு, எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வீடு தள்ளிப் போகப் போக சிக்னல் தேய்ஞ்சுக்கிட்டே வரும். செம்புக் கம்பியில இன்டர்நெட் தர்ற ஏடிஎஸ்எல்2+ முறைக்கு பேப்பர்ல 24 எம்பிபிஎஸ், ஆனா நாலு கிலோமீட்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்கு அதுல கால்வாசி வந்தாலே நல்ல லைன்னு சொல்லணும். அப்லோடு அதவிட மோசம், 1 எம்பிபிஎஸ்-ஐ கூடத் தொடாது. எனக்கு அதுதான் பெரிய பிரச்சனையா இருந்துச்சு, ஏன்னா ஞாயித்துக்கிழமை ஊர்ல இருக்கிற அம்மாகிட்ட வீடியோ கால் பேசுறப்ப அவங்க முகம் எனக்கு தெளிவா தெரியும், என் முகம் அவங்களுக்கு கட்டம் கட்டமா தான் தெரியும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது புரியாம கடையில போய் ரெண்டு வான் போர்ட் (வெளி லைன் சொருகுற இடம்) இருக்கிற ரவுட்டர வாங்கிட்டு "வேகம் கூடவே இல்லையே"ன்னு வருத்தப்பட்டவங்க நிறைய பேர். கல்யாண வீட்டு சாமானை ரெண்டு வண்டியில பிரிச்சு ஏத்தி அனுப்புறோம்னு வைங்க, மண்டபத்துல ஒருத்தர் நின்னு ரெண்டு வண்டியில வந்ததையும் வரிசைப்படி அடுக்கினா தான் அது ஒரே சீர்வரிசை. அந்த ஆள் இல்லன்னா ரெண்டும் தனித்தனி வண்டி, அவ்வளவுதான். இன்டர்நெட்லயும் அதே கதை தான். நம்ம வீட்டு ரவுட்டர் பாக்கெட்டுகள, அதாவது டேட்டாவோட சின்னச் சின்னத் துண்டுகள, பிரிச்சு ரெண்டு வழியா அனுப்பலாம், ஆனா அந்தப் பக்கம் சேர்த்து அடுக்க ஒரு சர்வர் வேணும். அந்த சர்வர் யாருது, எங்க இருக்கு, இத வச்சு தான் நாலு வழியும் பிரியுது.

இதுல முதலாவதும் சுலபமானதும் லோடு பேலன்ஸிங், அதாவது வேலைய ரெண்டு லைனுக்கும் பங்கு போடுறது. டிபி-லிங்க் ஈஆர்605 மாதிரி ஒரு ரவுட்டர், இல்ல ஓபன்டபிள்யூஆர்டி-ங்கிற ரவுட்டர் சாஃப்ட்வேர் போட்ட பழைய பெட்டியில எம்வான்3-ங்கிற புரோகிராம், போதும். அந்தப் பக்கம் அடுக்கறதுக்கு யாரும் கிடையாது, அதனால ஒவ்வொரு கனெக்‌ஷனும் முழுசா ஒரு லைன்ல தான் போகும். 1 ஜிபி ஃபைல் ஒண்ண 6 எம்பிபிஎஸ் லைன்ல இறக்கினா 22 நிமிஷம், 36 கிடைச்சா நாலு நிமிஷத்துக்குள்ள முடியும், ஆனா லோடு பேலன்ஸிங்ல அந்த ஒரு டவுன்லோடுக்கு 36 கிடைக்கவே கிடைக்காது, எந்த லைன்ல விழுந்துச்சோ அதோட வேகம் தான். டாரென்ட் மாதிரி ஒரே நேரத்துல நிறைய கனெக்‌ஷன் திறக்குறதுக்கு மட்டும் ரெண்டு லைனும் சேர்ந்து ஓடும். இன்னொரு தொல்லை பேங்க் சைட்டு, லாகின் ஒரு ஐபி-ல (லைனோட இன்டர்நெட் முகவரி) பண்ணி அடுத்த பக்கம் வேற ஐபி-ல போச்சுன்னா வெளிய தள்ளிடும், அதுக்குன்னு ஒரே லைன்ல ஒட்டிக்க வைக்கிற ஸ்டிக்கி ஆப்ஷன் இருக்கு, அத மறக்காம ஆன் பண்ணணும்.

ரெண்டாவது, கம்பெனியே சேர்த்துக் குடுக்குறது. டாய்ச்ச டெலிகாம் 2015-ல ஜெர்மனி முழுக்க கொண்டு வந்த ஹைப்ரிட் இதுக்கு நல்ல உதாரணம். ஹுவாவே செஞ்ச ஸ்பீட்போர்ட் ஹைப்ரிட்னு ஒரு ரவுட்டர், உள்ளயே டிஎஸ்எல் (செம்புக் கம்பி லைன்) மோடமும் எல்டிஇ (4ஜி) சிம்மும் இருந்துச்சு, ரெண்டு வழியாவும் ஒவ்வொரு ஜிஆர்ஈ டனல், அதாவது பாக்கெட்டுகள மூடிக் கொண்டு போற தனிப் பாதை, போட்டு கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள இருக்கிற ஒரு சர்வர்ல சேர்த்தாங்க. இத எப்படி செய்றாங்கன்னு 2017-ல ஆர்எஃப்சி 8157-ன்னு இன்டர்நெட் தொழில்நுட்ப டாக்குமென்டாவே வெளியிட்டாங்க, படிச்சுப் பார்த்தா யோசனை ரொம்ப எளிமை. முதல்ல டிஎஸ்எல்ல நிரப்பு, அது வழிஞ்சா மட்டும் எல்டிஇ-க்கு அனுப்பு. டவர் எல்லாருக்கும் பொது, செம்புக் கம்பி உங்க வீட்டுக்கு மட்டும், அதனால அந்த வரிசை ரொம்ப சரின்னு எனக்குப் படுது. சும்மா பிரவுஸ் பண்றப்ப டிஎஸ்எல் மட்டும் ஓடும், பெருசா ஏதாவது இறக்கினா தான் எல்டிஇ எழுந்து வரும். ஜெர்மனியில இது சாத்தியமானதுக்கு இன்னொரு காரணம் உண்டு, 2010-ல மொபைலுக்கான 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைய ஏலம் விட்டப்பவே முதல்ல கிராமப்புறத்த கவர் பண்ணணும்னு நிபந்தனை போட்டுட்டாங்க. கம்பி மோசமா இருந்த ஊர்கள்ல டவர் வந்து சேர்ந்தது அப்படித்தான். இங்க ஒரே குறை, ரவுட்டரும் அவங்களுது, எப்போ எந்த வழின்னு முடிவு பண்றதும் அவங்க, நம்ம கையில பெருசா ஒண்ணும் கிடையாது.

மூணாவது தான் நான் ரொம்ப நாள் மல்லுக்கட்டினது, ஓபன்எம்பிடிசிபிரவுட்டர்-ங்கிற சாஃப்ட்வேர். ராஸ்பெர்ரி பை-ங்கிற குட்டி கம்ப்யூட்டர்லயோ பழைய பிசியிலயோ போடலாம், அந்தப் பக்கம் அடுக்குற ஆள நாமளே வாடகைக்கு எடுக்கணும், இங்க நியூரம்பெர்க், ஃபால்கன்ஸ்டைன் மாதிரி ஊர்ல இருக்கிற டேட்டா சென்டர்ல மாசம் சில யூரோவுக்கு ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) கிடைக்கும். இதுக்குள்ள வேலை செய்றது மல்டிபாத் டிசிபி, ஒரே கனெக்‌ஷன ரெண்டு வழியில ஓட விடுற முறை, 2013-லயே ஆப்பிள் தன்னோட குரல் உதவியாளர் சிரி-க்கு இத பயன்படுத்திடுச்சு, லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ள 2020-ல 5.6 வெர்ஷன்ல வந்துச்சு. நல்லா செட் ஆயிட்டா ஒரே ஃபைலுக்கு ரெண்டு லைன் வேகமும் நிஜமாவே கிடைக்கும், ஒரு பெரிய வீடியோவ அப்லோடு பண்றப்ப அந்த வித்தியாசத்த கண்ணால பாக்கலாம்.

ஆனா அம்மாகிட்ட பேசுற வீடியோ கால் சரியாகல. பேர்லயே டிசிபி இருக்கு பாருங்க, அது எதுவும் விடுபடாம வரிசையா கொண்டு சேர்க்கிற முறை, வாட்ஸ்அப் காலோ காத்திருக்காம அனுப்பிடுற யுடிபி முறையில போறது, அதுக்கு தனியா ஒரு விபிஎன் டனல் வேணும், அதுல ரெண்டு லைனையும் சேர்த்தா பாக்கெட் வரிசை மாறும். பாக்கெட் போய்ச் சேர்ற தாமதம் என் டிஎஸ்எல்ல 25 மில்லிசெகண்ட், எல்டிஇ-ல 60, சாயங்காலம் ஊரே டவர்ல ஏறினா 60 சட்டுனு 150 ஆகும். அஞ்சாவது பாக்கெட் வந்து நிக்கும், நாலாவது இன்னும் டவர்ல மாட்டிக்கிட்டு இருக்கும், அதுக்காக காத்திருந்தா குரல் தாமதம், காத்திருக்காம விட்டா குரல் வெட்டும். அதாவது சேர்த்த லைனோட வேகம் வேணா ரெண்டோட கூட்டா இருக்கலாம், தாமதம் மட்டும் எப்பவும் மெதுவான லைன் பக்கம் தான் சாயும். கேம் விளையாடுறவங்க இத நல்லா மனசுல வச்சுக்கணும். இது போக, விபிஎஸ் ஐபி-ங்கிறது டேட்டா சென்டர் ஐபி, சில ஸ்ட்ரீமிங் சைட்டு அத விபிஎன்-னு நினைச்சு படமே காட்டாது. அப்டேட் பண்ணி ஏதாவது உடைஞ்சா சரி பண்ண வேண்டியதும் நாம தான், ஒரு நாள் நான் அப்டேட் போட்டு மனைவியோட ஆபீஸ் மீட்டிங் நடுவுல நின்னுபோச்சு, அன்னைக்கு தான் வீட்டு நெட்டுங்கிறது நான் சோதனை பண்ணிப் பாக்குற இடம் இல்லன்னு உறைச்சுது.

நாலாவது ஸ்பீடிஃபை மாதிரி ஆப். சர்வர் அவங்களுது, மாச சந்தா கட்டணும், லேப்டாப்ல போட்டா வைஃபையும் போன் டெதரிங்கும் (போன்ல இருந்து எடுக்குற நெட்) சேரும். வீடு முழுசுக்கும் இத நான் சிபாரிசு பண்ண மாட்டேன், வீட்டுல இருக்கிற எல்லா சாதனத்துலயும் போட முடியாது, ஆனா இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஒரே பாக்கெட்ட ரெண்டு லைன்லயும் அனுப்பி எது முன்னாடி வருதோ அத எடுத்துக்கற மோடு. வேகம் கூடாது, டேட்டா ரெண்டு மடங்கு போகும், ஆனா கால் வெட்டாது. வீட்டுல இருந்து வேலை பாக்குற ஒரு லேப்டாப்புக்கு மட்டும்னா கண்ணை மூடிக்கிட்டு இத எடுக்கலாம்.

ரெண்டு டெலிபோன் லைனையே சேர்க்கிற வழியும் உண்டு, ஐஎஸ்டிஎன்-ங்கிற பழைய டிஜிட்டல் டெலிபோன் லைன் காலத்துல 64 கேபிபிஎஸ் சேனல் ரெண்ட சேர்த்து 128 ஆக்கினது அதே யோசனை தான், ரெண்டு கம்பியும் ஒரே நீளம்ங்கிறதால வரிசை குழப்பமும் அவ்வளவா வராது. ஆனா 6-ம் 6-ம் சேர்ந்தா 12, அதுக்கு ரெண்டு லைன் வாடகை, டவர் நல்லா இருக்கிற ஊர்ல அது கட்டுப்படியாகாது.

இப்ப என் வீட்டுல ஓடுறது முதல் வழி தான், ஆனா ரவுட்டர் இஷ்டத்துக்கு பிரிக்க விடாம நானே ரூல் எழுதி வச்சிருக்கேன். ரெண்டு போனும் ஆபீஸ் லேப்டாப்பும் எப்பவும் எல்டிஇ, ஏன்னா அங்க தான் அப்லோடு இருக்கு. டிவி, அப்டேட், பேக்கப் எல்லாம் டிஎஸ்எல், ராத்திரி மெதுவா ஓடட்டும். ஒண்ணு செத்தா எல்லாம் இன்னொண்ணுக்கு மாறிடும். எந்த ஸ்பீட் டெஸ்ட்லயும் 36 வராது, ஆனா அம்மாவுக்கு என் முகம் தெரியுது. கம்பெனியே ஹைப்ரிட் குடுக்குற முகவரின்னா அத எடுங்க, யோசிக்க வேண்டாம். தினமும் பெரிய ஃபைல் அப்லோடு பண்ற வேலையா இருந்தா மட்டும் மூணாவது வழியில கை வைங்க. ஃபைபர் வீட்டு வாசலுக்கு வந்துட்ட ஊர்ல, இப்ப தமிழ்நாட்டுல நிறைய டவுன்ல அப்படித்தான், சேர்க்கிற வேலையே வேண்டாம், ஃபைபர் நின்னுபோனா 4ஜி-க்கு மாறுற மாதிரி வச்சா போதும்.

எத வாங்குறதுக்கு முன்னாடியும் ஒரு ப்ரீபெய்டு சிம்ம போன்ல போட்டு ஒரு வாரம் ராத்திரி எட்டுல இருந்து பத்துக்குள்ள டெஸ்ட் பண்ணுங்க, பகல் பதினோரு மணி நம்பர நம்பாதீங்க. டவர் எந்தத் திசையில இருக்குன்னு பார்த்து அந்தப் பக்க ஜன்னல்ல வைங்க, எங்க வீட்டுல சமையலறையில இருந்து மாடி ஜன்னலுக்கு மாத்தினதுலயே 12 இருந்தது 30 ஆச்சு.