பைஜிஆப்ஜெக்ட்டோடு பத்து வருடம்: கன்ஸ்ட்ரக்டர் மாறியது, பழைய கோடு நின்றது

மாமாவின் அச்சகத்துக்கு பில் போடும் ஆப்பை முதலில் பைஜிடிகேயில்தான் (பைத்தானில் ஜன்னல், பட்டன் எல்லாம் அமைக்க உதவும் ஜிடிகே நூலகத்துக்கான பழைய இணைப்பு) எழுதினேன். 2015-ல் அதன் இடத்துக்கு வந்த பைஜிஆப்ஜெக்ட், ஜிடிகே 3 என்று மாற்றினேன். இன்றுவரை அதில்தான் ஓடுகிறது.

மாற்றும்போது பயந்தது கன்ஸ்ட்ரக்டர்களுக்குத்தான், அதாவது ஜன்னல், பட்டன் போன்றவற்றை உருவாக்கும் வரிகளுக்கு. பைஜிடிகேயில் ஹெச்பாக்ஸ் (உள்ளே வைப்பதைப் பக்கவாட்டில் அடுக்கும் பெட்டி) வேண்டுமா, அடைப்புக்குறிக்குள் ஃபால்ஸ், 6 என்று போட்டால் முடிந்தது. எந்த மதிப்பு எதற்கு என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. பைஜிஆப்ஜெக்ட்டில் ஒவ்வொன்றும் ஒரு ப்ராப்பர்ட்டி (பெயருள்ள பண்பு), கீவேர்டாக, அதாவது பெயரோடு சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. ஆனாலும் என் பழைய வரிகள் உடையவில்லை. பைஜிஆப்ஜெக்ட் பழைய வரிசையை ஏற்றுக்கொண்டு, 'ஹோமோஜீனியஸ், ஸ்பேசிங்' என்று எந்தெந்தப் பெயர் போட வேண்டும் என்பதையும் வார்னிங்கிலேயே சொன்னது. செய்தி காட்டும் பெட்டியான மெசேஜ்டயலாகில் 'டைப்' என்பது 'மெசேஜ்_டைப்' ஆனபோதும் பழைய பெயரைத் தள்ளிவிடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது ஒரு எண்ணையும் அதன் எல்லைகளையும் வைத்திருக்கும் பொருள். பக்க மார்ஜினுக்கு ஒரு ஸ்பின்பட்டன் (எண்ணைக் கூட்டிக் குறைக்கும் கட்டம்) வைத்திருக்கிறேன்: மதிப்பு 10, கீழ் எல்லை 0, மேல் எல்லை 50. ப்ராப்பர்ட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏறும். மேல் எல்லை 0-ஆக இருக்கும்போதே மதிப்பு ஏறிவிட்டால் அந்த 10 வெட்டுப்பட்டு 0 ஆகிவிடும். பைஜிஆப்ஜெக்ட்டில் இந்த மாதிரி ஒட்டுவேலைகள் இருக்கும் ஓவர்ரைட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஏறியபின் மதிப்பை இன்னொரு முறை வைக்கிறார்கள். ஏன் என்று கமென்ட்டும் எழுதியிருக்கிறார்கள். யாரோ நம் கோடை நினைத்து உட்கார்ந்து எழுதிய வரி அது. படித்தபோது நெகிழ்ந்துபோனேன்.

குறை என்றால் வார்னிங் கண்ணில் படாததுதான். ஸ்டேபிள் வெளியீடுகளில் இது டெப்ரிகேஷன்வார்னிங் (இந்த முறை பழையது, மாற்றிக்கொள் என்னும் எச்சரிக்கை) வகை. பைத்தான் அதை வழக்கமாக மறைத்துவிடும், 3.7 பதிப்பு முதல், நேரடியாக ஓட்டும் கோப்பிலிருந்து கிளம்பினால் மட்டும் காட்டும். என் டயலாக்குகள் எல்லாம் தனி மாட்யூலில், அதாவது வேறு கோப்பில். மெயின் கோப்பைச் சரிசெய்ததும் டெர்மினல் அமைதியானது, வேலை முடிந்தது என்று வருடக்கணக்கில் நம்பியிருந்தேன். போன வருடம் மறைத்த வார்னிங்கையும் காட்டச் சொல்லும் 'மைனஸ் டபிள்யூ டிஃபால்ட்' கொடுத்து ஓட்டினேன், மடமடவென்று கொட்டியது. பைஜிஆப்ஜெக்ட்டைப் பயன்படுத்துகிறவர்கள் முதல் நாளே அப்படி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இப்போது ஜிடிகே 4-க்குப் போகிறேன். அதில் ஹெச்பாக்ஸே கிடையாது. பாக்ஸ், ஓரியன்டேஷன், ஸ்பேசிங் என்று பெயர் சொல்லி மாற்றிவைத்த கன்ஸ்ட்ரக்டர்கள் அப்படியே வந்துவிட்டன. டயலாக்கை ரன் செய்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வழியும் அங்கே இல்லை, அதனால் டயலாக் மாட்யூல் மட்டும் பாக்கி. இந்த வாரம் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.